மாமியின் தோலுக்குச் சாப்பாடு

அந்தக் குப்பி என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. திருகுமூடி போட்டது. உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு திரவம். சர்பத்தில் தண்ணீர் அதிகமாகிப்போனால் என்ன நிறம் வருமோ அந்த நிறம். அதற்குள் ஒரு தபால்தலை அளவுக்கு வெளுப்பாக ஏதோ மிதந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவிலிருந்து அதை ஐஸ் பெட்டியில் வைத்து, ஆட்டோவில் மடிமீது பிடித்துக்கொண்டு எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். பெட்டியை நான் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்த ஓட்டுநர், "எந்தா சாரே, மீனோ?" என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தார். இல்லை என்று மட்டும் சொன்னேன். தோல் என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டி வலியசாலையைத் தாண்டித்தான் போக வேண்டும். கோயில் தெரு திரும்பும் முனையில் நெரிசலில் சற்று நேரம் நின்றோம். அந்தத் தோலுக்கு உரியவர் அந்தத் தெருவில்தான் இத்தனை வருடமாக முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தார். தெரு முழுக்க அவரை முறுக்கு மாமி என்றுதான் கூப்பிடும். இரண்டு நாளுக்கு முன்பு எரிவாயு கசிந்து, எண்ணெய்ச் சட்டியோடு சேலையும் பற்றிக்கொண்டது. முகம் மட்டும் தப்பித்தது. கழுத்துக்குக் கீழே நல்ல தோல் என்று சொல்ல உள்தொடையில்தான் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதிலிருந்து வெட்டியெடுத்ததுதான் என் மடியில் இருந்தது.

என் வேலை தோல் வளர்ப்பது. இதை எங்கள் வீட்டில் புரியவைக்க எனக்கு வெகு காலம் பிடித்தது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தரைக்கு டைல்ஸ் பதிக்க இந்த ஊருக்கு வந்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். சாதாரணத் தீக்காயம் என்றால் உடம்பின் வேறிடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டிவிடலாம். எடுக்கவே இடமில்லாத அளவுக்கு வெந்துபோனவர்களுக்கு என்ன செய்வது? அவர்களுடைய தோலில் ஒரு துளி எடுத்து, உயிரணுக்களைப் பிரித்து, தட்டுகளில் விதைத்து, உடம்புச் சூட்டிலேயே ஒரு பெட்டிக்குள் வைத்துப் பெருக்குகிறோம். நுண்ணோக்கியில் பார்த்தால் முதலில் அங்கங்கே தீவுகளாக இருக்கும். நாள் போகப் போகத் தீவுகள் விரிந்து ஒன்றையொன்று தொட்டு, சந்து தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் என் செல்போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்காகவாலே அத்தன வருசம் படிச்ச? நம்ம டைல்ஸ் வேலைதான்" என்றார். பிறகு சாலைக் கடைத்தெருவில் தெரிந்தவர் அத்தனை பேரிடமும் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

விதைத்ததிலிருந்து ஒரு மேனியை மூடும் அளவுக்குத் தோல் ஏடு வளர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். அதுவரை நோயாளி தாங்க வேண்டும். தோல் என்பது வெறும் போர்வை இல்லை. அது போன இடத்தில் உடம்பு நீரை இழக்கிறது, சூட்டை இழக்கிறது, கண்ணுக்குத் தெரியாத எல்லாக் கிருமிக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. நாங்கள் இங்கே அவசரப்படுத்த முடியாது. அவர்கள் அங்கே காத்திருக்க முடியாது. இந்த வேலைக்கு வந்த புதிதில் அறிவியல் எவ்வளவோ முன்னேறிவிட்டது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்த மூன்று வாரத்தை யாரோடாவது சேர்ந்து கடந்து பார்க்கும்வரைதான் அது இருக்கும்.

தோல் எடுத்த அன்று காலையில்தான் மாமியை முதன்முதலாகப் பார்த்தேன். குப்பியை நாங்களே நேரில் போய் வாங்கிவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அறுவை மருத்துவர் ஒரு பெண், மலையாளி. நாங்கள் மேடம் என்போம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த மாமிக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அன்று வலியில் அவருக்கு வீட்டுத் தமிழைத் தவிர எதுவும் வாயில் வரவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். நான் கட்டிலருகே குனிந்து எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். ஒரு துளி எடுப்போம், வளர்ப்போம், தினமும் அதற்குச் சாப்பாடு மாற்றுவோம், மூன்று வாரத்தில் கொண்டுவந்து போர்த்துவோம் என்றேன். ஊட்டத் திரவம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் சாப்பாடு என்றுதான் சொல்வோம். அதுவே வந்துவிட்டது.

"தோல் சாப்பிடுமோ?" என்றார் மாமி. கட்டுகளுக்கு நடுவே அந்த முகம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல், குங்குமத்தோடு, அடுக்களையிலிருந்து இப்போதுதான் எட்டிப்பார்ப்பது போல் இருந்தது.

"சாப்பிடும். சர்க்கரை, உப்பு, சத்து எல்லாம் இருக்கும். கொஞ்சம் கன்னுக்குட்டி ரத்தத்துல இருந்து எடுத்த நீரும் இருக்கும்." இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது மேடத்தின் கண்டிப்பு.

மாமி கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "வெங்காயம்கூடத் தொடாத தோலாக்கும் இது," என்றார் மெல்ல. "இதுக்குப் போய் கன்னுக்குட்டி ரத்தம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "போட்டும். பொழச்சு வந்து பிராயச்சித்தம் பண்ணிக்கறேன். எனக்குப் பொழைக்கணும், கேட்டியோ?" என்றார்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். அம்மா முறத்தில் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, "யாரு, வலியசாலை முறுக்கு மாமியா?" என்று கேட்டாள். நான் பள்ளியில் படித்த காலத்தில் அம்மா அந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்த்தவள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். "நல்ல மாமிதான். ஒருநாளும் காப்பி குடுக்காம விட்டதில்ல. எனக்குன்னு ஒரு டம்ளர் மதிலுக்கு மேல கவுத்திக் கெடக்கும். மேல இருந்து ஊத்துவா, ஒரு சொட்டு சிந்தாது பாத்துக்க." பிறகு வேறு என்னமோ யோசித்தவள் போல, "அந்த மாமிக்க தோலயா நீ கையில புடிச்ச?" என்றாள்.

"கிளவுஸ் போட்டுத்தாம்மா புடிக்கணும்."

"அது சரி," என்று சிரித்தாள். "எப்படியும் நடுவுல ஒண்ணு வேணும்." சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொழச்சிருவாளாலே?" என்று கேட்டாள்.

மாமியின் கணவரை நான் முதலில் சார் என்றேன். "மாமான்னே கூப்பிடு மோனே, சாரெல்லாம் ஆபீஸோட போச்சு," என்றார். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரை உள்ளே விடமாட்டார்கள், கிருமி பயம். மாமிக்கு மூக்கு வழியாகக் குழாயில் உணவு போனது. ஐம்பது வருடத்துக்குக் கிட்ட கூடவே இருந்தவளுக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டக்கூட அவரால் முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, தினமும் காலையில் எனக்குப் போன் செய்வார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"அவளுக்குச் சாப்பாடு குடுத்தாச்சோ?"

"குடுத்தாச்சு மாமா."

"சாப்பிட்டாளோ?"

சாப்பிட்டதை நிறம் காட்டிக்கொடுக்கும். உயிரணுக்கள் சத்தை எடுத்துக்கொண்டு கழிவை விட்டால் அந்த இளஞ்சிவப்பு மஞ்சளாகும். "நல்லா மஞ்சளாயிருக்கு மாமா, சாப்பிட்டிருக்காங்க," என்பேன். "ஆங்," என்பார் திருப்தியாக. போனை வைத்துவிடுவார். சில நாட்களில் மெதுவாகத்தான் மஞ்சளாகும். அன்றைக்குப் "பிடிக்கலையோ என்னமோ. அவளுக்கு ஆகாரத்துல எப்பவும் ஒரு குத்தம் உண்டு," என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். நுண்ணோக்கியில் தீவுகள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்த அன்று அவரிடம் அதைச் சொன்னேன். மறுமுனையில் "பகவானே" என்று ஒரு சொல் கேட்டது.

ஏடு முழுதாகச் சேர்ந்தது. மறுநாள் காலை தட்டிலிருந்து கிளப்பி, வாஸ்லின் தடவிய வலைத்துணியில் ஏற்றி, அறுவை அரங்குக்குக் கொண்டுபோக எல்லாம் தயார் செய்திருந்தேன். அன்று பிற்பகலில் மேடத்தின் போன் வந்தது. ரத்தத்தில் கிருமி பரவி இரண்டு நாளாக மாமியின் ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் நாளை என்ற ஒன்று இருந்ததால் நான் அதை நினைக்காமல் இருந்தேன். "இனி கொண்டுவரண்டா," என்றார் மேடம், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று. போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எதற்காகத் திறந்தேன் என்று தெரியவில்லை. உள்ளே அதே உடம்புச் சூடு. தட்டுகளில் திரவம் மஞ்சளாகியிருந்தது. காலையில் கொடுத்ததைச் சாப்பிட்டு முடித்திருந்தது மாமியின் தோல்.

போலீஸ், பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து மறுநாள் தைக்காட்டு மயானத்தில் எரித்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது.

"மோனே, இன்னிக்குச் சாப்பாடு குடுத்தாச்சோ?"

பழக்கத்தில் கேட்டுவிட்டார், இப்போது சுதாரித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் சுதாரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார். நான் உண்மையைத்தான் சொல்ல முடியும். தட்டுகளைக் கொட்டச் சொல்லி இன்னும் உத்தரவு வரவில்லை, கையும் ஓயவில்லை, அன்றைக்கும் மாற்றியிருந்தேன். "குடுத்தாச்சு மாமா," என்றேன்.

"அப்போ இருக்காளா அங்க?"

அந்தக் கேள்விக்கு நான் படித்த படிப்பில் விடை இருக்கிறது. மனிதர் இறப்பது வேறு, உயிரணுக்கள் இறப்பது வேறு. பரீட்சையில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். அவரிடம், "தோல் உயிரோட இருக்கு மாமா," என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

அன்று மத்தியானம் அவரே வந்துவிட்டார். கர்மம் செய்கிறவர் அந்தப் பத்து நாளில் வீட்டையும் ஆற்றங்கரையையும் விட்டு வேறெங்கும் போகக்கூடாது என்று பிறகு கேள்விப்பட்டேன். சட்டை இல்லாமல், தோளில் ஈரத்துண்டோடு ஆய்வுக்கூடத்து வாசலுக்கு வெளியே சுவரை ஒட்டி நின்றார். நான் அருகே போனதும் பின்வாங்கினார்.

"தொடாதே மோனே, தீட்டு. உள்ளேயும் வரப்படாது."

"உள்ள யாரையும் விடமாட்டோம் மாமா. நானே கை கால் கழுவி, வேற துணி மாத்தித்தான் போவேன்."

"அப்போ மடி ஆசாரமாக்கும் இது," என்றார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவரை நிறுத்திவிட்டு, உடை மாற்றிக்கொண்டு உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். பார்க்க ஒன்றுமில்லை அதில். பாலாடையைவிட மெல்லிய ஒரு படலம். வெகுநேரம் பார்த்தார். நான் வெளியே வந்ததும், "வெளுப்பா இருக்கே. அவ நல்ல மாநிறமாக்கும்," என்றார். நிறம் கொடுக்கும் அணுக்கள் இதில் அவ்வளவாக வளராது, வேர்வை வராது, முடி முளைக்காது, எங்கள் கலை இதுவரை அவ்வளவுதான் வந்திருக்கிறது என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு எதையோ எண்ணிக் கணக்குப் பார்ப்பவர்போல் மெதுவாகப் பேசினார்.

"வாசல்ல ஒரு கல்லு ஊணியிருக்கு. கரமனை ஆத்தங்கரையில ஒண்ணு. அதுல அவ இருக்கான்னு சொல்லித் தினம் அதுக்கு ஜலம் விடறேன், சாதம் வெக்கறேன். இங்க நீயும் தினம் அவளுக்குச் சாப்பாடு போடறே. இதுல எது அவ? ஒரு பாகம் இங்க உயிரோட இருக்கறச்சே நான் எப்படி அவளுக்குக் கர்மா பண்றது? கர்மா பண்ணிவெக்கற வாத்தியாரைக் கேட்டேன். இப்படி ஒண்ணு சாஸ்திரத்துல இல்லைங்கறார்."

வேறு யாருக்காவது பொருத்த முடியுமா என்று கேட்டார். மாமி உடம்புக்கென்று மட்டும் அனுமதி வாங்கி வளர்த்தது, இன்னொருவர் உடம்பில் அது நிலைக்கவும் செய்யாது என்றேன். மேடம் சொல்லியனுப்பியதையும் கேட்டாக வேண்டியிருந்தது: அவர் சம்மதித்தால் கடுங்குளிரில் உறைய வைத்து ஆராய்ச்சிக்குப் பத்திரப்படுத்தலாம்.

"உறைய வெச்சா எத்தனை நாள் இருப்பா?"

"எத்தனை வருஷம் வேணும்னாலும் மாமா."

"நான் போனப்பறமும்?"

"ஆமா."

துண்டின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "வேண்டாம்டா," என்றார் கடைசியில். "தனியா வேண்டாம்." படியிறங்கப் போனவர் நின்றார். "பத்தாம் நாள் கல்லை எடுத்துடுவோம். அதுவரைக்கும் நீயும் போடுவியோ? பட்டினி போட்டுட்டேள்னு அவளுக்கு இருக்கப்படாது."

அந்தத் திரவம் விலை உயர்ந்தது. உரியவர் இறந்துவிட்டால் அன்றே அழித்துவிட வேண்டும் என்பதுதான் முறை. நான் மேடத்திடம் போய் நின்றேன். காரணத்தை முழுவதும் கேட்ட பிறகு அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஞான் பறஞ்ஞோளாம்," என்றார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அர்த்தம். அதற்குப் பிறகு காலையில் போன் வரும்; நான் பதில் சொல்வேன். ஏடு தடித்துக்கொண்டே போய் ஓரங்களில் சுருளத் தொடங்கியது. வளர்ப்பதற்குத்தான் நான் படித்திருக்கிறேன். எங்கும் போகப்போவதில்லை என்று தெரிந்த ஒன்றைத் தினமும் கையுறை மாட்டி, திரவம் மாற்றி, மூடி வைப்பது எனக்குப் புதிது.

பத்தாம் நாள் போனில் ஆற்றுச் சத்தமும் காக்கைச் சத்தமும் கேட்டன. "எடுத்தாச்சு. ஆத்துல போட்டாச்சு," என்றார் மாமா. "இனி நீயும்..." முடிக்கவில்லை. "சரி மாமா," என்றேன். "பட்டுனு கொட்டிடாதே. கடைசியா ஒரு தடவை குடுத்துட்டு."

அப்படியே செய்தேன். பழையதை உறிஞ்சிவிட்டுப் புதுத் திரவம் ஊற்றி, சாப்பிட நேரம் கொடுத்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எல்லாத் தட்டிலும் ப்ளீச்சிங் கரைசலை ஊற்றினேன். அந்த இளஞ்சிவப்பு ஒரு கணத்தில் இல்லாமல் போனது. தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. கையுறைக்குள் என் விரல்கள் வேர்த்திருந்தன.

பதிமூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு மாமா வரச்சொன்னார். அன்று எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "போகாததும் நல்லதுதான் மக்கா," என்றாள். "ஒனக்கு எலைய எங்கன போட்டாங்கன்னு நான் கேக்க வேண்டாம் பாரு." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று கோயில் பக்கம் போய் மாமிக்கு என்று ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வந்திருந்தாள். அதை அப்பா சொல்லித்தான் தெரியும்.

இப்போது எங்கள் வேலை வெகுவாக மாறியிருக்கிறது. காயம் அவ்வளவு ஆழம் இல்லையென்றால் தோல் துணுக்கை அறுவை அரங்கிலேயே கரைத்து, அன்றைக்கே காயத்தில் தெளித்துவிட முடிகிறது. ஆழமான காயத்துக்கு முதலில் ஒரு செயற்கை அடித்தளம் பதித்து, அதில் ரத்தநாளம் ஓடவிட்டு, பிறகு ஏட்டைப் போர்த்துகிறோம். முன்னைவிட நன்றாக ஒட்டுகிறது. வெந்த கழுத்தை நிமிர்த்தித் திருப்பிப் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உடம்பு முழுக்க ஆழமாக வெந்தவர்களுக்கு இன்றும் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

மாமா இப்போது தினமும் போன் செய்வதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, மாமியின் திதியன்று, அதே காலை நேரத்தில் செய்வார். இந்த வருடமும் செய்தார். குரல் தளர்ந்திருந்தது. "இன்னிக்கு இங்க சாதம் வெச்சாச்சு. காக்கா எடுத்துது," என்றார். எனக்குத் தெரிவிக்க வேண்டியது தன் கடமை என்பது போல. பிறகு, "இப்பவும் மூணு வாரம்தானோ?" என்று கேட்டார். சில பேருக்கு அன்றைக்கே தோல் வைக்க முடிகிறது என்றேன். அவளுக்கு முடிந்திருக்குமா என்று கேட்பார், முடிந்திருக்காது என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் அதைக் கேட்கவில்லை. "நல்லது," என்றார்.

என் முன்னால் மேஜையில் ஐஸ் பெட்டி திறந்திருந்தது. முந்தின நாள் மாலை வந்த குப்பி, காலியாகிவிட்டது. அதே திருகுமூடி, சுவரில் ஒட்டிய அதே இளஞ்சிவப்புத் துளிகள். துணுக்கு இப்போது தட்டில் இருந்தது.

"இன்னிக்கு அங்க யாருக்குச் சாப்பாடு?" என்றார் மாமா.

"வித்துரா பக்கம் எஸ்டேட்ல வேலை பாக்கறவர் மாமா. ஷெட்ல தீப்பிடிச்சது. ரொம்ப ஆழம்."

"இருக்கானோ?"

"இருக்கார் மாமா."

"அப்போ என்னோட என்ன பேச்சு? போ. போய்ப் போடு."